படம் வேண்டும், பெயர் வேண்டாம்

அழைப்பிதழை ஹொக்கிச் சங்கத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கேட்டில் செருகிவிட்டுப் போனார். உறையைக் கிழித்ததும் புது அச்சு மையின் வாசனை வந்தது. எனக்கு மிகவும் பிடித்த வாசனை அது. ஆசிரியையாக இருந்த காலமெல்லாம், தவணை தொடங்கும் நாளில் பாடப்புத்தகக் கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக ஒரு புத்தகத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்த முறை அழைப்பிதழை மூக்கருகே கொண்டுபோகவில்லை. ஏனென்றால் அட்டையில் நீ இருந்தாய்.

நீதான். கொழும்பு மைதானத்தில் எடுத்த அந்தப் படம். தரையோடு தரையாகக் குனிந்து, மட்டையைப் படுக்கவைத்துப் பந்தை நிறுத்துகிறாய். பின்னல் காற்றில் எழும்பி நிற்கிறது. உனக்குப் பின்னால் ஓடிவரும் கொழும்புப் பிள்ளை மங்கலாக இருக்கிறாள், நீ மட்டும் தெளிவு. கீழே பளபளக்கும் எழுத்தில், ‘மாத்தளையின் ஹொக்கிப் பெருமை: புகழ் மண்டபத் திறப்பு விழா.’ உள்ளே திருப்பினால் பெயர் வரிசை. சிமெந்துக் கடை முதலாளியின் பெயர் இருந்தது, புரவலராம். சங்கத் தலைவரின் பெயர் இருந்தது. என் பெயரும் இருந்தது. உன் பெயர் எங்கேயும் இல்லை.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். விடைத்தாளில் பிள்ளை எங்கேயாவது ஒரு மூலையிலாவது சரியான விடையை எழுதியிருக்காதா என்று தேடுவோமே, அப்படித் தேடினேன். இல்லை.

இது உனக்குத் தெரிய வேண்டிய கதை. நீ போய் ஒரு வருடமாகிறது. உயிரோடு இருந்திருந்தால் உன் மருந்துக் கடை கவுண்டரில் சாய்ந்தபடி கேட்டிருப்பாய், இடையிடையே ஏசியிருப்பாய். இப்போது நான் மட்டும் பேசவேண்டியிருக்கிறது.

மண்டபம் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது நீ இருந்தாய். “செவத்துல பேர் வந்து என்னடி ஆகப்போகுது? பல்லிதான் படிக்கும்” என்று சிரித்தாய். நானும் நம்பிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை இழுத்துக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்தாய். பையிலிருந்து இந்தப் படத்தை எடுத்தாய். பழைய கறையெல்லாம் துடைத்து, புது ஃபிரேம் போட்டிருந்தாய். “நெசமாவே போடுவாங்களாடி?” என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள், “நான் போன பொறகு மாலை போட்டு வைக்கிற படமா இத ஆக்கிராத. இது செவத்துக்கு” என்றாய். அன்றுதான் எனக்குத் தெரிந்தது, உனக்கு அது எவ்வளவு வேண்டும் என்று. வாழ்க்கையில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அதனால்தான் மண்டபத்துக்குப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சேர்ந்தேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, நன்றாக எழுதுவேன், பெயர்த் தகடுகளுக்கு வேண்டிய குறிப்புகளை எழுதித் தரட்டும் என்று கூப்பிட்டார்கள். நம் பழைய கோல்காப்பாளர் ரிஸ்வியாவும் குழுவில் இருந்தாள். நீ போன பிறகு கூடிய முதல் கூட்டத்திலேயே உன் படத்தை மேசையில் வைத்தேன். “ஆ, நல்ல படம்!” என்று தலைவர் கையில் எடுத்தார். கைபேசியில் ஒரு படம் பிடித்துக்கொண்டார். பிறகு விதியை வாசித்தார். மாவட்டத்துக்குப் பத்து வருடமாவது சேவை செய்திருக்க வேண்டும்.

“அவங்க வெளையாண்டது மூணு சீசன்தானே டீச்சர்” என்றார். “நல்லா வெளையாண்டாங்க, இல்லேன்னு சொல்லல்ல. ஆனா மூணு சீசன். பாவம், அதிர்ஷ்டமில்லாத மனுஷி.”

நான் அன்றைக்குக் கோபப்படவில்லை. நியாயமாக யோசிக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய், ஆனால் எனக்கே உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்தது. எழுதாத விடைக்கு நான் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை. ‘காய்ச்சல் வராமலிருந்தால் மகள் எல்லாவற்றையும் எழுதியிருப்பாள் டீச்சர்’ என்று தாய்மார் வந்து அழுதிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து கண்கலங்கியிருக்கிறேன், புள்ளி போட்டதில்லை. முழங்கால் நன்றாக இருந்திருந்தால் நீ என்னென்ன செய்திருப்பாய் என்ற கணக்கை வைத்து உனக்கு இடம் கேட்பது சரியாகாது. அதனால் நீ எழுதிய விடைகளை மட்டும் எடுத்துச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

சொன்னேன். உனக்கு முன்னால் நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பந்தைத் தள்ளிவிட்டுப் பின்னால் ஓடுவார்கள். சரளைக்கல் நிறைந்த கிரவல் தரையில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்குத் தெரியும்? மட்டையை மறுபக்கம் புரட்டித் தரையில் படுக்கவைத்தால் எந்தத் துள்ளலையும் அடக்கலாம் என்று செய்து காட்டியவள் நீ. அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் கொழும்புக்குப் போய்க் கோப்பையோடு வந்தோம். பஸ் நிலையத்தில் பட்டாசு வெடித்தார்கள், கோயிலிலிருந்து மேளம் வந்தது, ரிஸ்வியாவின் வாப்பா எல்லாருக்கும் ஃபலூடா வாங்கிக் கொடுத்தார். நீ அதற்குப் பிறகு நாட்டுக்காகவும் ஒரு பயணம் போய் வந்தாய். அடுத்த வருடம் தோட்டத்துப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் கொய்யாக் கிளையை வளைவாக வெட்டிக்கொண்டு வந்து ‘இது ஹொக்கி மட்டை’ என்று நின்றார்கள். உன் தோட்டத்து லய வீடுகளிலிருந்தே ஒரு அணிக்கு ஆள் வந்தது. இதெல்லாம் நடந்தவை. எழுதிய விடைகள்.

எனக்கு உதாரணம் சொல்லாமல் பேச வராது. வெனிலாப் பூவைச் சொன்னேன். “நம்ம தோட்டங்கள்ல பார்த்திருப்பீங்க. அந்தப் பூ ஒரு காலைதான் திறந்திருக்கும், மத்தியானத்துக்குள்ள வாடிரும். அந்த நேரத்துக்குள்ள அது காய்க்க வேண்டியத வாங்கிக்கிச்சா இல்லையாங்கிறதுதான் கேள்வி. எத்தனை நாள் பூத்துச்சுன்னு யாரும் கேக்கிறதில்ல. காய் மாசக்கணக்கா கொடியில தொங்கும்.”

தலைவர் சிரித்தார். “டீச்சர், இது ஸ்பைஸ் கார்டன் இல்ல.” எல்லாரும் சிரித்தார்கள். ரிஸ்வியா மட்டும் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்போதும் எனக்கு வந்தது வருத்தம்தான். அருவருப்பு வந்தது அடுத்த பேச்சில். “காயம்ங்கிறது கடவுள் செயல். அதுக்கு நாங்க என்ன செய்றது?” என்றார்.

கடவுள் செயல். யார் வாயிலிருந்து அது வந்தது என்று பார்த்தாயா?

உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை எழுதாமல் போனால் எழுத வேறு யாரும் இல்லை. நம் மைதானம் கிரவல். மழைக்குப் பிறகு அடியிலிருந்து கல் மேலே வரும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் கல்நடை உண்டு. இரண்டு அணியும் கலந்து, தோளோடு தோள் நின்று, ஒரு கோலிலிருந்து மற்றக் கோல் வரை குனிந்தபடி நடக்க வேண்டும். கையில் அகப்படும் கல்லை ஜேர்சி மடியில் போட்டுக்கொண்டு போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் கொட்ட வேண்டும். அந்த நடையில் எதிரணிக்காரி உன் பக்கத்தில் வருவாள். “ஏய், ஒன் மட்டை என்னா இவ்வளவு பாரம், அம்மிக்கல்லா?” என்று நீ வம்புக்கு இழுப்பாய். ஆட்டம் தொடங்கும்போது பாதி சிநேகமாகியிருக்கும். எந்த ஊருக்குப் போய்ப் பார்த்தாலும் நான் இதைக் கண்டதில்லை. நம்மிடம் மட்டும்தான்.

உன் கடைசி ஆட்டத்தன்று பிரதம அதிதி பிந்தி வந்தார். வெயில் ஏறிவிட்டது. பந்தலில் கதிரைகள் நிறைந்துவிட்டன. இன்றைய தலைவர் அப்போது இளைஞர், ஒலிபெருக்கி அவர் கையில். “கல்லு பொறுக்கிறதெல்லாம் இன்னைக்கு வேணாம். ஐயாவுக்கு வேற விழா இருக்கு. ஆட்டம் தொடங்கலாம்” என்று அறிவித்தார். இரண்டு அணியினரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ மட்டும் கோல் கோட்டுக்குப் போய், தனியாகக் குனிந்து நடக்கத் தொடங்கினாய். ஒலிபெருக்கியில் அவர் குரல்: “அந்தப் புள்ள என்னத்த தேடுது? தோட்டுத் திருகாணி தொலைஞ்சு போச்சா?” பந்தல் முழுதும் சிரிப்பு. பிரதம அதிதியும் சிரித்தார். நீ நிமிர்ந்து பார்த்தாய். நான் மாற்று ஆட்டக்காரியாக வாங்கில் உட்கார்ந்திருந்தேன், உன் முகம் எனக்குத் தெரிந்தது. மடியிலிருந்த இரண்டு மூன்று கல்லையும் கோட்டுக்கு வெளியே கொட்டிவிட்டு வந்து நின்றாய்.

இடைவேளைக்குப் பிறகு, வலது ஓரத்தில், யாரும் உன்னைத் தொடவில்லை. பந்தைத் தேடி ஓடினாய். கால் ஒரு கல்லில் ஏறியது. முழங்கால் ஒரு பக்கம் போனது, நீ ஒரு பக்கம் போனாய். அந்தச் சத்தம் வாங்கு வரை கேட்டது. காய்ந்த கிளை முறிகிற சத்தம். பிரதம அதிதி கோப்பை கொடுக்கும் நேரத்தில் நீ ஆஸ்பத்திரி வாசலில் இருந்தாய்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். ஒலிபெருக்கி யார் கையில் இருந்தது என்பதையும் சொன்னேன். தலைவர் தண்ணீர் குடித்தார். “அந்தக் காலத்துல எல்லா கிரவுண்டுலயும் கல்லுதானே டீச்சர். இதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம்?” என்றார். பிறகு அடுத்த விடயத்துக்குப் போனார்கள். திறப்பு விழாச் சாப்பாடு சோறா, புரியாணியா?

எனக்குக் கோபக்காரர்களைத் தெரியும். பொறாமைக்காரர்களையும் தெரியும். அவர்களோடு ஒரு ஆசிரியர் அறையில் காலம் தள்ளலாம். ஆனால் ஒருத்தியின் காலை ஒடித்துவிட்டு, ‘நீ கொஞ்ச தூரம்தானே நடந்தாய்’ என்று அளக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கை கழுவத் தோன்றுகிறது. அன்று வீட்டுக்கு வந்து உண்மையாகவே சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

நீ அவரை எப்படிச் சமாளித்தாய் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் உன் மருந்துக் கடைக்கு வந்து முழங்கால் வலிக்குத் தைலம் கேட்டாராம். எடுத்துக் கொடுத்துவிட்டு, “சேர், இது முட்டிக்குப் பூசுறது. வாய்க்குப் பூசுறது வேற ஈக்குதான்னு பாக்கவா?” என்று ரிஸ்வியா பேசுவதுபோலப் பேசி அனுப்பினாயாம். அதைச் சொல்லிச் சொல்லி ரிஸ்வியா சிரிப்பாள். உன் முழங்காலைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அது ஓடிப்போன மாப்பிள்ளடி. பேரச் சொன்னாலே வலிக்குது” என்று பேச்சை மாற்றிவிடுவாய். ஆனால் சாயங்காலமானால் மைதானத்துக்கு வருவாய். காலை இழுத்துக்கொண்டு கல்நடையின் வரிசையில் நிற்பாய். நீ வரிசையில் நின்றுவிட்டால் எந்த அமைச்சர் வந்தாலும் நடை முடியாமல் விசில் ஊத நடுவருக்குத் துணிச்சல் வராது. உன் கால் போன பிறகு அந்த மைதானத்தில் கல் தடுக்கி எந்தப் பிள்ளையும் கால் ஒடிந்து போகவில்லை. இதைச் சேவையில் சேர்த்தால் பத்து வருடம் என்ன, ஆயுள் முழுவதும் வருமே. அதையும் சொன்னேன். அது ‘விளையாட்டில் அடங்காது’ என்றார்கள்.

ஆனால் நான் அடங்கினேன்! ஒரு கோல்கூட அடிக்காதவள் நான். வாங்கைத் தேய்த்தவள். பிறகு பொறுப்பாசிரியையாகப் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் தோடம்பழமும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தவள். வருடக் கணக்கு நிறைந்திருந்ததால் என் பெயருக்குப் பித்தளைத் தகடு. அழைப்பிதழைப் பார்த்ததும் ரிஸ்வியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“எனக்கு வெட்கமா ஈக்குதுடி” என்றாள். “மவுத்தாகிப் போனவட மூஞ்ச வெச்சு விழாவுக்குக் காசு சேக்கிறாங்க, பேரு மட்டும் வேணாமாம். நா தலைவர்ட்ட கேட்டேன். ‘அழகான படம், அதான் போட்டோம்’னு சொல்றான்.”

தலைவருக்கும் எடுத்தேன். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். “ஐயோ டீச்சர், தகடு அடிச்சு, ஸ்குரூ போட்டு முடிஞ்சுதே! இனி என்ன செய்யலாம்?” என்றார். அப்படியானால் படத்தையாவது எடுங்கள் என்றேன். “படம் வாசல் பெனர்லயும் போய்ட்டு டீச்சர்.”

விழாவுக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். விழா நாள் காலையில் உன் ஃபிரேம் போட்ட படத்தைப் பார்த்தேன். சுவருக்கென்று நீ கொடுத்தது இன்னும் என் அலுமாரியில் இருந்தது. சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் நீ ஆளுயரத்துக்கு மேல் நின்றாய். அவ்வளவு பெரிய பெனர். பாடசாலைப் பிள்ளைகள் உன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி உன்னைப் போலவே குனிந்து காட்டினாள், கையில் மட்டைக்குப் பதிலாகக் குடை. நல்ல பிள்ளைகள். நான் கேட்டேன், “யாரும்மா இவங்க?”

“தெரியல்ல டீச்சர்.”

“மொடலா இருக்கும்” என்றாள் குடைக்காரி. “நெட்ல எடுத்திருப்பாங்க.”

அந்தப் பிள்ளைகள் மீது எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்காத பாடத்தில் எப்படிக் கேள்வி கேட்பது?

மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். சிமெந்துக் கடை முதலாளிக்கு முடிந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மேடைக்குப் போகவில்லை. நேரே ஒலிபெருக்கிக்காரரிடம் போனேன். தம்பி, ஒரு ஸ்குரூ ட்ரைவர் இருக்குமா என்று கேட்டேன். அவர் வயர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், பாவம், எதற்கென்று கேட்கவில்லை. பெயர்கள் பதித்த சுவருக்குப் போனேன். ரிஸ்வியா ஓடிவந்து என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். “அல்லாஹ்வே, நெசமாவே செய்யப்போறியா? மேல் ஸ்குரூல தொடங்காத, தகடு தொங்கும். கீழ இருந்து வா” என்றாள்.

கீழிருந்து கழற்றினேன். தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். குரலைத் தணித்து, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே பேசினார். “டீச்சர், என்ன இது? டீவிக்காரங்க நிக்கிறாங்க. எல்லாரும் பாக்கிறாங்க.”

“என் பேரைத்தானே கழட்டுறேன்” என்றேன். “ஒங்க பேர் பத்திரமா இருக்கு.”

“வயசான காலத்துல எதுக்கு இந்தப் பைத்தியக்காரத்தனம்?”

“சேர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள் ரிஸ்வியா. “வெளிச்சம் மறைக்குது.”

கடைசித் திருகாணி இறுகிக் கிடந்தது. கை வலித்தது. தகடு என் உள்ளங்கைக்கு வந்தது. குடைக்காரப் பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள். “ஏன் டீச்சர் ஒங்க பேர எடுத்துட்டீங்க?”

“வாசல்ல இருக்கிற படத்துல யாருன்னு கேட்டேனே” என்றேன். “அவங்க பேர் இங்க இல்ல. அதனாலதான்.” உன் பெயரைச் சொன்னேன். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. வகுப்பறையின் கடைசி வாங்கு வரை கேட்கும் குரல் எனக்கு இன்னும் இருக்கிறது. பிள்ளை அந்தப் பெயரை ஒருமுறை தன் வாயால் சொல்லிப் பார்த்தாள். அது போதும் என்று நினைத்து வெளியே வந்தேன்.

போதவில்லை. உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? உன் பெயர் இன்றைக்கும் அந்தச் சுவரில் இல்லை. பெனர் இன்னும் தொங்குகிறது. நான் கழற்றிய இடத்தில் நான்கு துளைகள் இருந்தன. போன வாரம் ரிஸ்வியா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆள் வைத்துப் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்துவிட்டார்களாம். “ஆனா நிறம் சேரல்லடி” என்று சிரித்தாள். “சிரங்கு ஆறின மாதிரி திட்டுத் திட்டா ஈக்குது. வாறவன் போறவன் எல்லாம் இங்க என்ன நடந்துச்சுன்னு கேக்கிறானாம். காவக்காரர் சொல்லிக்கிட்டே ஈக்கிறாராம். ஒன் பேரும் வருது, அவட பேரும் வருது, தலைவர்ட பேரும் வருது.”

தகடு என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க உதவுகிறது. உன் படத்தை மாலை போடாமல் வைத்திருக்கிறேன். அதைக் கொடுக்க இன்னும் சரியான சுவர் கிடைக்கவில்லை.

நேற்று பழைய மைதானத்தின் வழியாக வந்தேன். இப்போது நல்ல ஆட்டமெல்லாம் செயற்கைப் புல்லில். இங்கே சின்னப் பிள்ளைகள் மட்டும் விளையாடுகிறார்கள். இரவு மழையில் கல் மேலே வந்திருந்தது. வலது ஓரத்தில் ஒன்று, கூர்மையாக. இந்த வயதில் குனிந்தால் எனக்கு நிமிர நேரமெடுக்கும். குனிந்தேன். எடுத்துக்கொண்டு நடந்துபோய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது இன்னொரு கல் தெரிந்தது.